சந்து வளைவுக்கு ஒரு போலீஸ்

ஸ்டேஷனுக்குப் புதிதாக ஒரு எஸ்.ஐ. வந்துவிட்டால் முப்பிடாதிக்கு அரை நாள் வேலை போயிற்று. வருகிறவர் ஒவ்வொருவரும் கொச்சி மட்டாஞ்சேரிப் பள்ளிக்கூட வராந்தாவில் ஊரைக் கூட்டி, போலீஸ் முதலில் கவனிக்க வேண்டியது என்ன என்று கேட்பார். மிளகு வியாபாரிகள் மூட்டைத் திருட்டு என்பார்கள். படகுத்துறைக்காரர்கள் குடிகாரத் தொல்லை என்பார்கள். திருவிழாக் கமிட்டிக்கு ஊர்வலப் பந்தோபஸ்து. எல்லாவற்றையும் எழுதி எஸ்.ஐ. பேனாவை மூடும்போதுதான் முப்பிடாதி எழுந்து நிற்பாள்.

"எங்க சந்து வளைவுக்கு விடியக்காலம் ஒரு போலீஸ் வேணும் சாரே."

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். சுக்குக் கிட்டங்கியில் புடைக்கிற வேலை. புருஷன் மூட்டை தூக்கி இடுப்பு போய்ப் படுத்துவிட்டான். இடுப்பு வலிக்கிறது என்று அவன் சொல்லிய பிறகும் மேஸ்திரி மூன்று மாதம் சுமக்க வைத்ததை அவள் மறக்கவே இல்லை. தமிழர் லைன் வீடுகளில் மலையாளம் தடுமாறாமல் பேசுகிறவள் அவள் ஒருத்திதான். அதனால் வழக்கு, வம்பு, மனு எல்லாம் அவள் தலையில் விடிந்தது.

லைன் வீடுகளிலிருந்து கிட்டங்கிக்குப் போகிற சந்து இரண்டு உயர மதில்களுக்கு நடுவே ஓரிடத்தில் சட்டென்று திரும்பும். அந்த வளைவில் கத்தினால் இந்தப் பக்கமும் கேட்காது, அந்தப் பக்கமும் கேட்காது. லாரிக்காரர்கள் அங்கேதான் நிற்பார்கள். காலை ஐந்து மணிக்கு வேலைக்குப் போகிற பெண்கள் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு கடப்பார்கள். இதைத்தான் முப்பிடாதி எழுபத்து நாலிலிருந்து நாலு எஸ்.ஐ.களிடம் சொன்னாள். தலையாட்டுவதில் நாலு பேரும் குறை வைக்கவில்லை. எண்பதில் வந்த ஐந்தாமவர், அந்தப் புண்ணியவான், பட்டியலின் கடைசி வரியில் எழுதினார். கடைசி என்றாலும் எழுதினாரே!

அடுத்த மாதமே தகரப் பெட்டி வந்தது. உள்ளே ரோந்துக்கான பட்டா புத்தகம். அது தொங்குகிற இடத்துக்கு ரோந்துப் போலீஸ்காரர் தினமும் வந்து, நேரத்தையும் கண்டதையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை வங்கியிலும் பெரிய வியாபாரிகள் வாசலிலும்தான் அப்படிப் பெட்டி உண்டு. வளைவில் மாட்டலாம் என்றால், தன் மதிலில் ஆணி அடிக்கக் கூடாது என்று மதில்காரர் மறுத்துவிட்டார். கடைசியில் முப்பிடாதி வீட்டு வாசல் நிலையில் அடித்தார்கள். வளைவு அங்கிருந்து நூறு தப்படி.

ரோந்துக்கு வந்தவர் நீலகண்டன், பாலக்காட்டுத் தமிழர். முதல் நாலு மாதம் கையெழுத்துப் போட்டுவிட்டு வளைவு வரை போய், கடைசிப் பெண் கடக்கிற வரை நிற்பார். பெண்கள் அந்தச் சந்தில் சத்தமாகப் பேசிக்கொண்டு போனது அப்போதுதான். பிறகு, வருஷக்கணக்காகக் கடித்த கொச்சிக் கொசு தன் வேலையைக் காட்டியது. அவருக்கு யானைக்கால். பூட்ஸுக்குள் கால் நுழையவில்லை. மேலே தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். முப்பிடாதிக்கு அவர் நடையில் தன் புருஷன் தெரிந்தான்.

"சேட்டா, நீங்க இங்கயே இருங்க. ஒரு சாயா குடிச்சிட்டுத் திரும்புங்க. நாங்க கூட்டமாத்தானே போறோம்" என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் வாசலோடு நின்றார். பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தார். எண்பத்தொன்று முடிவதற்குள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து, சனிக்கிழமை வரைக்கும் ஏழு நாளுக்கும் 'ஐந்து பத்து, தொந்தரவு ஒன்றுமில்லை' என்று எழுதிவிட்டுப் போனார். அவள் விளக்குப் பிடித்தாள்.

எண்பத்து மூன்று ஆனி மாதம், ஒரு வியாழக்கிழமை. கொட்டுகிற மழை. அடுத்த வீட்டு அங்கம்மாள் அழுகிற குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுத் தனியாக ஓடினாள். வளைவில் ஒரு லாரிக்காரன் அவளைப் பிடித்து இழுத்தான். திமிறியதில் கம்மலோடு காது கிழிந்தது. மதிலில் மோதிக்கொண்டேன் என்று இரண்டு நாள் மறைத்தாள். சனிக்கிழமை காலை அவன் அதே இடத்தில் நின்று சிரித்தபோது பொறுக்கமாட்டாமல் நேரே ஸ்டேஷனுக்குப் போனாள். அவர்கள் பட்டா புத்தகத்தை வரவழைத்துப் பார்த்தார்கள். வியாழன், ஐந்து பத்து, தொந்தரவு ஒன்றுமில்லை. கீழே கையெழுத்து.

மத்தியானம் அங்கம்மாள் முப்பிடாதி வாசலில் வந்து விழுந்தாள்.

"போலீசு நின்ன எடத்துல எப்படிடீ நடக்கும்னு கேக்காங்க அக்கா. புருசன் அடிச்சதுக்கு வேற ஒருத்தன் மேல பழி போடுதேனாம். பொய்க் கேஸுன்னு என்னையே உள்ள வைப்பாங்களாம். நீ வந்து சொல்லுக்கா."

நீலகண்டனுக்குப் பென்ஷனுக்கு இன்னும் மூன்றே மாதம். சொன்னால் அவர் பிழைப்பு போகும். சொல்லாவிட்டால் அங்கம்மாள் பொய்க்காரி. அதற்குப் பிறகு லைன் வீட்டிலிருந்து எந்தப் பெண்ணும் ஸ்டேஷன் படி ஏறமாட்டாள். சேலையை உதறிக் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினாள்.

"வியாழக்கிழமை அவர் வரல்ல சாரே. அதை ஞாயித்துக்கிழமையே எழுதி வச்சாரு. நான்தான் விளக்குப் பிடிச்சேன்."

ஏட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வருஷக்கணக்கா மீட்டிங்குல எந்திரிச்சு நின்னு போலீஸ் வேணும் வேணும்னு கேட்டது நீதானே?"

"ஆமா சாரே" என்றாள்.

அங்கம்மாளின் புகாரை எழுதிக்கொண்டார்கள். லாரிக்காரனைப் பிடித்தார்கள். நீலகண்டனைச் சஸ்பெண்ட் செய்தார்கள். பெட்டியைப் பொறுப்பாக வைத்துக்கொள்ளத் தெரியாத இடம் என்று அதையும் கழற்றிக்கொண்டு போனார்கள்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் நீலகண்டன் வந்தார். வேட்டி, மேலே ஒரு துண்டு. காலில் துணி சுற்றியிருந்தார். முப்பிடாதி வாசலுக்கு வந்தாள்.

"நாலு வார்த்தை திட்டிருங்க சேட்டா."

"திட்ட வரல்ல. அந்தப் பொண்ணோட காது எப்படி இருக்கு?"

"தையல் போட்டிருக்கு."

அவர் சந்துப் பக்கம் பார்த்தார். "ரெண்டு வருஷம். ஒரு நாளாவது நீ 'வளைவு வரைக்கும் போயிட்டு வாங்கோ'ன்னு சொல்லியிருந்தா, கால் நொந்தாலும் நான் போயிருப்பேன். நீ இருக்கச் சொன்னே. எனக்கும் அது சுகமா இருந்தது."

அவர் மதிலைப் பிடித்துக்கொண்டு வளைவை நோக்கி நடக்க ஆரம்பித்தார். போய், அங்கே கொஞ்ச நேரம் நின்று, திரும்பி வர அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இரண்டு முறை காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். வேண்டாம், வந்துவிடுங்கள் என்று கூப்பிட அவளுக்கு வாய் வரை வந்தது. கூப்பிடவில்லை.