வெள்ளிப் பூச்சும் ஐந்து அலைவரிசையும்

ஓட்டுநர் இல்லாமல் ஓடும் ரயிலுக்கு ஆன்டெனா வடிவமைப்பவள் அவள். உள்ளங்கை அகலப் பெட்டிக்குள் ஐந்து அலைவரிசைகள் அடங்க வேண்டும். ஐந்து ஓரகத்திகளை ஒரே அடுப்படியில் விட்ட கதைதான். ஒன்றுக்குக் கொஞ்சம் இடம் கொடுத்தால் இன்னொன்று முறைத்துக்கொள்ளும். இதில் கெட்டிக்காரி என்று ஆபீஸில் பேர். என்ன பேர் இருந்து என்ன, கட்டிய புருஷனோடு பேசத்தான் அவளுக்கு சிக்னல் வாய்க்கவில்லை. அவன் சரக்குக் கப்பலில் எஞ்சின் பார்ப்பவன். நடுக்கடலிலிருந்து கப்பல் போனில் எப்போதாவது அவன் அழைக்கும்போதெல்லாம் இவள் சோதனை அறைக்குள் இருப்பாள். வெளி அலை துளிகூட நுழையாதபடி கட்டிய அறை அது. கைபேசி அங்கே வெறும் டப்பா. பேசக் கிடைத்தாலும் ஏக்கத்தை வாய்விட்டுச் சொல்லமாட்டாள். ஆரம்பித்தால் அழுகை வந்து தொலைக்கும், கடலில் இருக்கிற மனுஷனை ஏன் கலங்கடிக்க வேண்டும் என்று சிரித்து மழுப்பிவிடுவாள்.

பல மாதம் கழித்து அவன் கப்பல் பக்கத்துத் துறைமுகத்துக்கு வந்தது. பகல் முழுக்க நிற்கும், பொழுது சாய்ந்தால் கிளம்பிவிடும். காலையில் சோதனை ஓட்டம் முடிந்ததும் ஓடிவிடலாம் என்று, அவனுக்குப் பிடித்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் பணிமனைக்கு வந்திருந்தாள்.

ரயில் பாதி வழியில் நின்றுவிட்டது. ஆன்டெனா வழியாகக் கட்டுப்பாட்டு அறையோடு இருக்கும் தொடர்பு அறுந்தால் அது தானாகவே பிரேக் போட்டுக்கொள்ளும். இழுத்து வந்து நிறுத்தினார்கள். ஏணியில் ஏறிக் கூரையைப் பார்த்தாள். ஆன்டெனாவின் மூடி வெள்ளி நிறத்தில் பளபளத்தது. ரயில் நிறத்துக்கே மூடியையும் அடிக்கட்டுமா என்று பெயின்டர் போன வாரம் கேட்டபோது, எந்த நிறமானால் என்ன, அடியுங்கள் அண்ணே என்று சொன்னது அவள்தான். அந்தப் பூச்சில் உலோகத் தூள் கலந்திருக்கும். உலோகத்தால் போர்த்தினால் அலை எப்படி வெளியே வரும்? ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பவள் தானே மறந்துபோனாள். நினைப்பெல்லாம் துறைமுகத்தில் கிடந்தால் வேறென்ன நடக்கும்!

நீ கிளம்பும்மா, நாங்கள் வேறு மூடி மாட்டிக்கொள்கிறோம் என்றார் பெயின்டர். மேலதிகாரியும் அரைமனதாகத் தலையாட்டினார். மூடியை யார் வேண்டுமானாலும் மாட்டலாம். ஐந்து அலைவரிசையும் பழையபடி ஒத்துவருகிறதா என்று அளந்து பார்த்து, ஓடலாம் என்று சொல்ல அவள் வேண்டும். நாளைக்கு ஜனங்கள் ஏறப்போகும் ரயில். தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி ஏணியில் ஏறினாள்.

ரயில் ஒழுங்காக ஓடி முடித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பணிமனை வாசலில் நின்று அவனை அழைத்தாள். கப்பல் கிளம்பிவிட்டது, கரை மறையும்வரைதான் கைபேசியில் பேசலாம் என்றான். வேலை என்றால் அப்படித்தான், மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே என்று அவளைத் தேற்றினான். வழக்கம்போல் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"எனக்கு உங்களைப் பாக்கணுங்க. தினம் தினம் பாக்கணும் போல இருக்கு. சொல்லாம சொல்லாம நெஞ்சே அடைக்குது."

லைன் போய்விட்டதோ என்று கைபேசியைப் பார்த்தாள்.

"கேக்குதாங்க?"

"கேக்குது," என்றான். குரல் உடைந்திருந்தது. "சிக்னல் போறதுக்குள்ள இன்னொரு தடவ சொல்லு."