எனக்கும் சேர்த்துப் பேசியவர்

காரைக்குடியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். என்னோடு வேலை பார்த்த பெண்ணுக்குக் கண்டனூரில், அவர்களுடைய பூர்வீக வீட்டில் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்ததும் யாரோ என் மடியில் சாம்பாரைக் கொட்டிவிட்டார்கள். சேலையைச் சரிசெய்ய ஓர் உள்ளறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். போட்ட தாழ்ப்பாள் திரும்ப வரவில்லை. ஜன்னல் இல்லாத அறை. செல்போன் கைப்பையில் இருந்தது. கைப்பை பந்தியில் இருந்தது.

பத்து நிமிடம் தட்டிய பிறகு வெளியிலிருந்து ஓர் ஆண்குரல் கேட்டது.

“உள்ள யாரு இருக்கீக?”

“கல்யாணப் பொண்ணோட வேலை பாக்குறவ. தாழ்ப்பா சிக்கிக்கிருச்சு.”

“நான் மைக் செட்டுக்காரன். பயப்படாதீக, கதவ நெம்பிருவோம்.”

அதற்குள் வீட்டுக்கார ஆச்சியின் குரல் வந்தது. “நெம்புறதாவது! பர்மாத் தேக்கு. ஆசாரி வந்துதான் தொறக்கணும்.”

“உள்ள ஒரு பொண்ணு மாட்டிக்கிட்டிருக்கு ஆச்சி.”

“பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாது. கதவுக்குத்தான் ஆயிரும்.”

ஆசாரி தேவகோட்டையில் இருந்தார். வந்து சேர இரண்டு மணி நேரம் ஆனது. அதுவரை மைக் செட்டுக்காரர் கதவுக்கு வெளியே உட்கார்ந்து, எந்தப் பந்தியில் என்ன தீர்ந்துபோனது என்று எனக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருந்தார். பசிக்கிறது என்றேன். கதவிடுக்கு வழியாக ஓர் அப்பளம் தள்ளினார். நான்கு துண்டுகளாக வந்தது.

கதவு திறந்ததும் எதிரே நின்றவரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

“நான் இப்பத்தான் வந்தேன்த்தா” என்றார் ஆசாரி. அவருக்கு அறுபது வயது இருக்கும். அவருக்குப் பின்னால் ஒல்லியாக ஒருவர், சட்டையில் அப்பளத்தூளோடு நின்றார்.

அடுத்த வாரம் அந்த ஒல்லியானவர் எங்கள் நிலையத்துக்கு ரத்தப் பரிசோதனைக்கு வந்தார். எல்லாம் சரியாக இருந்தது. அதற்கடுத்த வாரமும் வந்தார். மூன்றாம் வாரம், “உங்களுக்குத்தான் ஒரு நோயும் இல்லையே, எதுக்கு வாரீக?” என்று கேட்டேன்.

“ஊசி குத்துறப்ப கைய நீங்கதானே புடிக்கிறீக” என்றார்.

எங்கள் கல்யாணத்துக்கு என் அப்பா சம்மதிக்க ஒன்றரை வருடம் ஆனது. மைக் செட்டுக்காரர் வீட்டில் சத்தம் அதிகமாக இருக்கும் என்பது அவர் கவலை. அதன் பிறகு பதினெட்டு வருடம் பெரிய சத்தம் எதுவும் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் எனக்குத் தைராய்டு அறுவை சிகிச்சை நடந்தது. அதில் குரல் போய்விட்டது. திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். மூன்று மாதம் எனக்குக் காற்று மட்டும்தான் வந்தது. இவர் இரண்டு பேருக்குமாகப் பேச ஆரம்பித்தார்.

“இன்னைக்குப் புளிக்குழம்பு வச்சிரவா?” என்பார் அடுப்படியில் நின்று. உடனே என் குரலில், “நேத்தும் அதத்தானே வச்சீக, அறிவு இருக்கா?” என்பார். பிறகு தன் குரலில், “சரித்தா, கோவிக்காத.”

சந்தையிலும் இப்படித்தான் பேசினார். காய்க்காரம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அந்தச் சண்டைகளில் எல்லாம் நான்தான் ஜெயித்தேன்.

ஒரு மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். “நீ ஏதாச்சும் திட்டேன்த்தா” என்றார். அவருக்கும் பயம் இருந்தது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அதைவிட வேறொன்றும் செய்யத் தோன்றவில்லை.

குரல் வந்தால் முதலில் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் வரிசையில் உட்கார்ந்திருந்தபோது அது கரகரவென்று வந்தது.

“சட்டப் பட்டன மாத்திப் போட்டிருக்கீக.”

அத்தனை பேர் முன்னால் அவர் அழுதார். அழுது முடித்துப் பட்டனைச் சரியாகப் போட்டுக்கொண்டார்.

அந்த நன்றியை இன்னும் சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்து சொன்னால், உடம்புக்கு என்ன செய்கிறது என்று கேட்பார்.