நான் திருத்திக் கொடுத்த நேரம்

போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் வந்து ஹட் பே ஜெட்டியில் இறங்கியபோது தரை எனக்குக் கீழே நிற்கவில்லை. வழி நெடுகக் கடல் என் வயிற்றைத் துணியாய் முறுக்கிப் பிழிந்திருந்தது. என்னை அழைத்துப்போக மின் நிலையத்திலிருந்து ஆபரேட்டர் ஒருவர் வந்திருந்தார். தூத்துக்குடிக் கடற்கரைக் குடும்பம், போர்ட் பிளேரில் பிறந்தவர், ஐம்பதை நெருங்கும் வயது, ஒப்பந்த வேலை. என் சட்டையை ஒருமுறை பார்த்தார்.

“மாத்திரை போடலயா சார்? தீவுலயே வளந்த ஆளுன்னாங்க. கப்பலுக்கே அவமானம்லா இது.”

நான் வந்த வேலை சொல்ல எளியது. அங்கே நான்கு டீசல் ஜெனரேட்டர்கள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் கண்ட்ரோலர் என்கிற சின்னப் பெட்டி. எண்ணெய் அழுத்தம், வெப்பம், சுமை எல்லாம் அதற்குத் தெரியும். ஆனால் அறைக்கு வெளியே எவரிடமும் சொல்ல அதற்கு வழியில்லை. இரண்டு இழைக் கம்பி ஒன்றில் நான்கையும் கோத்து, ஆளுக்கொரு எண் கொடுத்து, கூரையில் ஆன்டெனா வைத்து, போர்ட் பிளேர் ஃபீனிக்ஸ் பேயில் உள்ள நிறுவன அலுவலகத்துத் திரையில் அவற்றைப் பேச வைக்க வேண்டும். அவை பேசத் தொடங்கிவிட்டால் மூன்று ஆபரேட்டர்களில் ஒருவர் போதும். அந்த ஒருவர் யார் என்பதை முதல் வாரத்துத் திரையைப் பார்த்து முடிவு செய்வதாக மேலாளர் சொல்லியிருந்தார். என்னை அழைக்க வந்தவருக்கும் அது தெரியும். பதினாறு வருட அனுபவம் தன் பக்கம் இருப்பதாக நம்பினார்.

முதல் நாள் முழுக்க இரண்டாவது பெட்டியும் நான்காவது பெட்டியும் என் லேப்டாப் திரையில் வருவதும் மறைவதுமாக இருந்தன. கம்பியை மாற்றினேன். முனைகளைக் கழற்றி மறுபடி முறுக்கினேன். எரிச்சலில் ஸ்க்ரூ டிரைவரை எறிந்தேன். அவர் அதை எடுத்துக் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

“நாலாவது பெட்டி புதுசு இல்ல சார். முந்தி ரெண்டாம் நம்பர் மிஷினைக் கழிச்சப்போ அதுல இருந்து கழட்டி வச்சது. அது இன்னமும் தன்னை ரெண்டுன்னுதான் நெனச்சிட்டு இருக்கும்.”

அதேதான். ஒரே எண்ணைக் கூப்பிட்டதும் இரண்டும் ஒருசேரக் கத்தி, ஒன்றும் விளங்காமல் போயிருக்கிறது. எண்ணை மாற்றியதும் நான்கும் பேசின. அறிக்கையில், பிழையைக் கண்டுபிடித்தது நான் என்று எழுதினேன்.

அந்தப் பெட்டிகள் நடந்ததையெல்லாம் நேரத்தோடு நினைவில் வைப்பவை. ஆனால் நான்கின் கடிகாரங்களும் நான்கு வெவ்வேறு வருடங்களில் கிடந்தன.

“உள்ள இருக்க பழசெல்லாம் மேல ஆபீசுக்குப் போவுமா சார்?” என்று கேட்டார்.

கேட்ட காரணம் எனக்குத் தெரியும். மணிக்கொரு தரம் அளவுகளைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது விதி. கப்பல் நாளில் அங்கே யாரும் அப்படி எழுதுவதில்லை. காய்கறி, மருந்து, பார்சல், உறவுக்காரர்கள் எல்லாம் அந்தக் கப்பலில்தான் வருகிறார்கள். ஷிஃப்டில் தனியாக இருப்பவர் மதியம் வரைக்குமான அளவுகளைக் காலையிலேயே எழுதி முடித்துவிட்டு ஜெட்டிக்குப் போய்விடுவார். வெப்பம் எண்பத்திரண்டு, எண்பத்திரண்டு, எண்பத்து மூன்று. அந்த ஒரு மூன்றைச் சேர்ப்பதில் இருந்தது அவர்களுடைய திறமை.

“போனாலும் யார் நம்புவா? நேரமே தப்பு” என்றேன். சொல்லிக்கொண்டே நான்கு கடிகாரங்களையும் நொடி பிசகாமல் திருத்தினேன். என் வேலைப் பட்டியலில் அதுவும் இருந்தது.

மூன்றாம் நாள் திரும்பும் கப்பல். என்னிடம் டிக்கெட் இல்லை. எந்த ஊரிலும் மூன்றாம் நாள் எனக்கு மூச்சு முட்டும். பச்சை முட்டும், மழை முட்டும், மனிதர்களின் அன்பு முட்டும். எப்படியாவது போக வேண்டும் என்று அவரிடம் சொன்னேன்.

“கவுண்டர்ல நம்ம பையன் ஒருத்தன் இருக்கான். நேர்ல போய் நின்னாத்தான் குடுப்பான். போன்ல கேட்டா சலாம் சொல்லி வச்சிருவான்.”

“ஷிஃப்ட்?”

“நீங்க இருக்கீங்கல்லா. அரே, டென்ஷன் மத் லோ. கவலைய விடுங்க.”

மதியம் இரண்டு மணி வரைக்குமான அளவுகளை அப்போதே எழுதிவிட்டுப் போனார். திரையில் வரும் எண்களும் பதிவேடும் ஒத்துப்போகின்றனவா என்று காட்டுவதற்காக அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டேன். பிறகு ஆன்டெனாவைத் திருப்பக் கூரைக்கு ஏறினேன்.

கீழே எச்சரிக்கை மணி ஒலித்தது. எனக்குக் கேட்டது. கேட்டது என்பதை இப்போதுதான் எழுதுகிறேன். அந்த நொடியில்தான் சிக்னல் பிடிபட்டிருந்தது. கையை எடுத்தால் போய்விடும். இயந்திரம் என்னுடையது அல்ல, கம்பிதான் என்னுடையது என்று நினைத்தேன். மணி ஒலித்துக்கொண்டே இருந்தது. பிறகு இரண்டாம் இயந்திரம் தானாக நின்றது. பஜார் முழுக்க மின்சாரம் போனது.

அவர் ஓடி வந்தார். மூச்சு வாங்க, சட்டை உடம்போடு ஒட்டியிருக்க, மடித்த டிக்கெட் கைக்குள் இருந்தது.

“கவுண்டர்ல ஃபேன் நின்னுச்சு சார். அப்பவே தெரிஞ்சு போச்சு.”

ரேடியேட்டரில் தண்ணீர் வற்றியிருந்தது. சூடு இறங்கக் காத்திருந்து, ஊற்றி, அரை மணியில் ஓட வைத்தார். “சத்தம் கேக்கலயா?” என்றார்.

“மேல இருந்தேன்.”

பதிவேட்டைப் பார்த்தார். “திருத்தி எழுதிரவா?”

“ஃபோட்டோ எடுத்துட்டேனே.”

அழித்துவிட்டு இன்னொன்று எடுத்திருக்கலாம். ஒரு விரல் வேலை. அவர் என் விரலைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

“அப்போ ரெண்டு மணி வரைக்கும் மிஷின் ஜோராத்தான் ஓடிருக்கு. சரி விடுங்க. மாத்திரையை இப்பவே போட்டுக்கோங்க.”

ஃபீனிக்ஸ் பே அலுவலகத்தில் மேலாளர் அம்மா திரையைத் திறந்தார். நான் போட்ட இணைப்பு முதன்முதலில் சுமந்து வந்த செய்தி அதுதான்: இரண்டாம் எண், அதிக வெப்பம், எச்சரிக்கைக்கு எவரும் பதில் தரவில்லை, பதினொரு நிமிடம் கழித்து, நிறுத்தம். நேரம் நொடி பிசகாமல் இருந்தது. பக்கத்தில் நான் எடுத்த படம், அதில் அதே மணிக்கு எழுதியிருந்த வெப்பம்: எண்பத்து மூன்று.

“நீங்க அங்கதான இருந்தீங்க? ஆள் எங்க?”

“ஜெட்டிக்குப் போயிருந்தார்.”

“என்னத்துக்கு?”

சட்டைப் பையில் டிக்கெட்டின் கிழித்த பாதி இருந்தது. அவருடைய வியர்வை காய்ந்து விறைத்திருந்தது.

“தெரியல மேடம். கப்பல் நாள்ல எல்லாருமே போவாங்களாம்.”

“சிஸ்டம் பிரமாதம்” என்றார் அவர். பாராட்டில் எனக்கு உச்சி குளிர்ந்தது. அன்று மாலை ஃபெர்ரி ஏறி பாம்பூஃப்ளாட்டில் வீடு சேர்ந்து, சூரை மீன் குழம்பில் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். நன்றாகத் தூங்கினேன்.

சில மாதம் கழித்து, உப்புக் காற்று தின்ற ஆன்டெனாக் கம்பியை மாற்ற மறுபடி ஹட் பே போனேன். நிலையத்தில் இருந்தவர் மூவரில் இளையவர். தேநீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. திரும்பும்போது டிக்கெட் கவுண்டரில் வெயிலில் நீண்ட வரிசை. நான் அதன் வாலில் நின்றேன். பாக்கு மூட்டைகளைக் கைவண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். தோளில் சணல் உராய்ந்த சிவப்பு.

“என்ன சார், மாத்திரை போட்டாச்சா?”

“அண்ணே…” என்றேன்.

“டிக்கெட்டா? லைன்ல நில்லுங்க, கிடைக்கும்.” கவுண்டருக்குள் சுழலும் மின்விசிறியைக் கண்ணால் காட்டினார். “இப்பல்லாம் அது நிக்கிறதே இல்ல.”

வண்டியைத் தள்ளிக்கொண்டு கப்பல் பக்கம் போனார். எனக்கு முன்னால் இன்னும் நாற்பது பேர் இருந்தார்கள்.