மதினிக்கு வராத ஓடிபி

எங்கள் குடும்பத்துக்கு அருப்புக்கோட்டையில் ஒரு விதைக்கடை, திருச்சுழியில் ஒன்று. திருச்சுழிக் கடையைப் பார்ப்பது மதினி, என் அண்ணன் மனைவி. அண்ணனுக்குப் பரளச்சி ஊரில் இருக்கும் எங்கள் விவசாயக் காடே கதி. பில், ஸ்டாக், ஆர்டர் எல்லாவற்றுக்கும் அப்பா பெயரில் ஒரே பாஸ்வேர்டு. வேலைக்கு வந்தவருக்கும் தெரியும், விட்டுப் போனவருக்கும் தெரியும். ஸ்டாக்கில் கைவைத்தது யார் என்று பார்த்தால் கம்ப்யூட்டர் அப்பா பெயரைக் காட்டும். அப்பாவோ மவுசைத் தொட்டதே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவன். ஆளுக்கொரு லாகின் கொடுத்து, வருவது யாரென்று சரிபார்த்து உள்ளே விடும் சர்வர் ஒன்றைக் குடோனில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் ஏற்றினேன். சர்வர் ஒரு கன்டெய்னரில், அதன் டேட்டாபேஸ் இன்னொன்றில். ஒரு மென்பொருளுக்கு வேண்டியதையெல்லாம் பெட்டியாகக் கட்டி இறக்குவதுதான் கன்டெய்னர். வேண்டாமென்றால் பெட்டியோடு தூக்கிப் போடலாம். புது வெர்ஷனுக்காக நானும் ஒருநாள் தூக்கிப் போட்டேன். டேட்டாவை வெளியே டிஸ்கில் வைக்கச் சொல்லும் ஒரு வரியை எழுத மறந்திருந்தேன். பதிந்த பெயர்கள் மொத்தமும் போயே போயின. ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற எனக்கு இது வேண்டும்தான்.

மறுபடி எல்லோரையும் பதிந்தபோது, பாஸ்வேர்டோடு போனுக்கு ஓடிபியும் வரும்படி வைத்தேன். மதினி நம்பரைக் கேட்டதற்கு அண்ணன் தன் நம்பரைச் சொன்னார். ரேஷன் கார்டிலிருந்து கேஸ் வரை எங்கள் வீட்டுப் பெண்களுக்கு ஆண்கள் நம்பர்தான். நானும் யோசிக்காமல் அதையே அடித்தேன். இத்தனைக்கும் மதினி நம்பர் என் போனிலேயே இருந்தது.

முதல் மழை விழுந்த மறுநாள், ஈரம் காய்வதற்குள் விதைத்தாக வேண்டுமென்று சம்சாரிகள் விடியும்போதே திருச்சுழிக் கடைக்கு வந்துவிட்டார்கள். பில் போடாமல் விதை கொடுக்க முடியாது. ஓடிபி அண்ணன் போனுக்குப் போனது. மற்ற நாளில் காலையில் வீட்டிலிருந்தே படித்துச் சொல்லிவிடுவார், அன்று விடியுமுன்பே டவர் கிடைக்காத காட்டுக்குப் போயிருந்தார். ஒரு மணி நேரம் அவரைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு மதினி என்னைக் கூப்பிட்டார். அதற்குள் நாலைந்து பேர் வேறு கடைக்குப் போய்விட்டிருந்தார்கள்.

"தம்பி, என் ஓடிபி யாருக்குப் போகுதுன்னு தெரியும்ல?"

"அண்ணனுக்கு, மதினி."

"பத்து வருசமா கடையத் தொறக்குறது நான். என்னைய உள்ள விடலாமான்னு அவுகளக் கேக்கச் சொல்லி வச்சிருக்கீகளோ?"

கூசிப்போனேன். இரண்டே நிமிடத்தில் நம்பரை மாற்றிவிட்டேன்.

சாயங்காலம் அண்ணன் நேராக என்னிடம் வந்தார். "யாரைக் கேட்டுலே மாத்துன? என் நம்பரையே திருப்பிப் போடு."

அதுவரை அண்ணன் பேச்சை நான் தட்டியதில்லை. பயமாகத்தான் இருந்தது.

"அந்த லாகினு மதினியோடதுண்ணே. அவுக சொன்னா மாத்திடுறேன்."

அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. மதினியிடம் அவர் இன்னும் அதைக் கேட்கவில்லை.