மாங்காய்க் கரை போட்ட குடை

சூசைநாதனைப் பற்றி என் வாயிலிருந்து நல்ல வார்த்தை வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அவர் ஒரு கெடுதலும் செய்ததில்லை. என் கோபமெல்லாம் எதிர்வீட்டு அன்னாமேரி அக்காவுக்காக.

கல்யாணமான மூன்றாம் மாதமே அவளை விட்டுவிட்டுச் சைகோனுக்குக் கப்பல் ஏறினவர் அவர். அங்கே சுங்கத்தில் காவல் வேலை. அங்கேயும் இங்கேயும் பிரெஞ்சு ஆட்சி என்பதால் எங்கள் வில்லியனூரிலிருந்து அப்படிப் போனவர்கள் நிறைய பேர். சிலர் லீவில் வந்து, தெரு முழுக்க சென்ட் வாசனை அடிக்க நடந்துவிட்டு, பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு திரும்புவார்கள். சூசைநாதன் ஆறு வருஷத்தில் ஒரு முறைகூட வரவில்லை. மணியார்டர் மட்டும் எப்போதாவது வரும்.

மாமியார் கண்ணை மூடிய பிறகு அக்கா அந்த வீட்டில் தனி ஆள். கன்னியாஸ்திரீகள் கற்றுக்கொடுத்த லேஸ் பின்னல் இருந்ததால் சாப்பாட்டுக்குக் குறையில்லை. கூட உட்கார்ந்து சாப்பிடத்தான் ஆள் இல்லை. ஒரு ஆளுக்குக் குழம்பு வைத்தால் எப்படியும் மிஞ்சும். அதைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு, "உங்க வூட்டு ஆளுங்களுக்குப் புடிக்கும்னு வச்சேன் அமுதம்" என்று வருவாள். குழம்பு ஒரு சாக்கு. யாருடைய குரலாவது கொஞ்ச நேரம் காதில் விழ வேண்டும் அவளுக்கு. வேலை மும்முரத்தில் நான் கிண்ணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு அவளை வாசலோடு அனுப்பிய நாட்கள் உண்டு. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

முப்பத்து நாலாம் வருஷம் தை மாதத்தில் ஒரு கடிதம் வந்தது. "உன்னை இங்கே அழைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். இங்கே பெண்டுகள் நாகரிகமாக இருக்கிறார்கள். ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்." மாடு வாங்குகிறவன்கூட நேரில் வந்துதான் பல்லைப் பிடித்துப் பார்ப்பான் என்றேன். அக்கா காதில் வாங்கவில்லை. அடுத்த நாளே ரயிலேறிப் புதுச்சேரிக்குப் போய்ப் படம் எடுத்து அனுப்பிவிட்டாள்.

சித்திரை பிறந்ததும் பதில் வந்தது. "நீ பிடித்திருக்கும் பூப்போட்ட குடையைத்தான் இங்கே இன்னும் நாலு பேருடைய பெண்டாட்டிகளும் பிடித்திருக்கிறார்கள். எல்லாப் போட்டோவையும் வரிசையாக வைத்துச் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. வெயில் காலத்துக்கு உனக்கென்று ஒரு குடைகூட இல்லையா? நல்ல சாமான்களோடு வேறு போட்டோ எடுத்து அனுப்பு. அதைப் பார்த்துத்தான் முடிவு."

அந்தப் பூப்போட்ட குடை போட்டோக்காரருடையது. யார் போனாலும் அதைத்தான் கையில் கொடுப்பார். நான் கடித உறையைக் கவிழ்த்து உதறிப் பார்த்தேன். சாமான் வாங்கக் காலணாகூட வைத்திருக்கவில்லை.

அக்காவிடம் லேஸ் பின்னிய காசு ஆறு ரூபாய் இருந்தது. போட்டோவுக்கும் ரயிலுக்கும் போக மூன்று ரூபாய் மிஞ்சும். அதற்குள் அவள் நாகரிகமான சைகோன் மதாம் ஆக வேண்டும். துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு புதுச்சேரிப் பெரிய கடை மார்க்கெட்டுக்குப் போனாள்.

தார் உருகும் வெயில். கடைக்காரர் பாரீஸ் பட்டுக் குடை ஒன்றை விரித்துக் காட்டி, ஒன்பது ரூபாய் என்று சொல்லி, நாங்கள் தொடுவதற்குள் மடக்கிவிட்டார். ஜப்பான் காகிதக் குடை பத்தணாதான். ஆனால் போட்டோக்காரர் குடைக்குக் கூடப்பிறந்த தங்கச்சி மாதிரி இருந்தது. துரைசாணிகள் வைக்கிற வைக்கோல் தொப்பி ஒன்றை எடுத்து நான் அவள் கொண்டைமேல் கவிழ்த்தேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடியை மாட்டிப் பார்த்தாள், கண் தெரியாதவள் மாதிரி இருக்கிறது என்று கழற்றினாள். விசிறி எடுக்கலாமா என்றேன்.

"கொடையும் விசிறியும் சேந்து எதுக்குடி? சாமான் ஒண்ணு போதும்" என்றாள். "பாக்கறவங்க கண்ணு மொதல்ல அதுல படணும். அங்கேர்ந்து மூஞ்சிக்கு வரணும். அதுலயே நின்னுடக் கூடாது."

கடைசியில் மார்க்கெட் கோடியில் குடை ரிப்பேர் செய்கிறவரிடம் துணி கிழிந்த குடை ஒன்றைப் பார்த்தாள். எட்டுக் கம்பியும் கோணாமல் இருந்தன. கைப்பிடி வளைத்த பிரம்பு. பேரம் பேசிப் பதினாலணாவுக்கு வாங்கினாள். மிச்சத்தில் வெள்ளைச் செருப்பு ஒரு ஜோடி. கைக்குட்டைக்கு அவள் பின்னிய லேஸே போதும்.

"துணிக்கு இன்னாக்கா பண்ணப்போற?" என்றேன்.

"வூட்ல இருக்குது" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து அவள் எடுத்தது கல்யாணக் கூறைப்புடவை. சந்தன நிறப் பட்டு, அரக்கு நிறத்தில் மாங்காய்க் கரை. பெரியவர்கள் பொறுக்கியதை வேண்டாம் என்று சொல்லி சூசைநாதன் தானே எடுத்த புடவை அது. கல்யாணத்தன்று அந்தக் கரையைத் தடவி, "ஆயிரம் புடவைக்கு நடுவுல வச்சாலும் இத நான் கண்டுபுடிச்சிடுவேன்" என்றாராம்.

"தாலி கட்டன பொடவைல கத்திரி வைக்கறியே, நல்லதாக்கா இது?" என்று கையைப் பிடித்தேன்.

"பொட்டியில கெடந்து இன்னா பண்ணுது? அவரு பாத்ததும் தெரிஞ்சிக்குவாரு. கடுதாசியில எழுத வராததெல்லாம் இது சொல்லிடும்டி."

புடவையைத் தரையில் விரித்துக் கத்திரியை வைத்தாள். எட்டுத் துண்டும் அளவு பிசகாமல் வந்தன. கரையைச் சுற்று விளிம்பாக வைத்துத் தைத்து, அதன் கீழே விரல் அகலத்துக்கு லேஸ் கோத்தாள். விரித்துப் பிடித்தபோது எனக்கே கண் நிறைந்தது. பெரிய கடையிலும் அப்படி ஒரு குடையை நான் பார்க்கவில்லை.

போட்டோக்காரரும் அசந்துதான் போனார். "கொடைய பின்னால சாய்ம்மா, மூஞ்சில நெழல் வுழுது" என்று இரண்டு முறை சரிசெய்து எடுத்தார். முடிந்ததும், "இத எனக்குக் குடுத்துடேன், நாலு ரூபா தரேன்" என்றார். நாற்பது கொடுத்தாலும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தாள் அக்கா.

அந்த வருஷம் மாதா திருநாளுக்கு அவள் குடையை வெளியே எடுக்கவில்லை. கப்பலுக்கென்று செருப்போடு சேர்த்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். "கப்பல்ல வாந்தி வருமாடி?" என்று கேட்பாள். கோழியை நான் வளர்த்துக்கொள்வேனா என்பாள். வைகாசியும் ஆனியும் அப்படியே போயின.

ஆடியில் கடிதம் வந்தது. அவள் நின்றபடியே படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"போட்டோ கிடைத்தது. குடை பிரமாதம். பாரீஸ் சரக்கு, பதினைந்து ரூபாய்க்குக் குறையாது என்று எல்லாரும் சொல்கிறார்கள். இப்படித் தாராளமாகச் செலவு செய்கிறவளை வைத்துக்கொண்டு என் சம்பளத்தில் இங்கே குடித்தனம் நடத்த முடியாது. நீ அங்கேயே இருப்பது நல்லது. மழைக்கு முன் வீட்டுக் கூரை ஓடுகளைப் பார்த்து மாற்று."

இரண்டு தரம் படித்தேன். அவள் முகத்தைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"கட்டையில போறவன்! பதினாலணாதான்னு எழுதுக்கா. அவன் எடுத்துக் குடுத்த பொடவைதான்னு எழுது!"

அக்கா கடிதத்தை வாங்கி மடித்தாள். பிறகு, "எழுதினா நம்புவாரு. செலவு இல்லன்னு கூப்ட்டாலும் கூப்டுவாரு" என்றாள். "நான் காட்டினேன் அமுதம். அவருக்குத் தெரியல. தெரியாதவரு வூட்டுக்குப் போயி நான் இன்னா பண்றது?"

அந்த வாரமே தனியாக ரயிலேறிப் போய்க் குடையை அந்தப் போட்டோக்காரரிடமே நாலு ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு வந்தாள். அந்தக் காசில் ஓடு மாற்றினாள்.

அதற்குப் பிறகு எங்கள் பக்கத்திலிருந்து சைகோனுக்குப் போன போட்டோக்களில் எல்லாம் அந்தக் குடைதான். சூசைநாதன் கண்ணிலும் பட்டிருக்கும்.

மறு வருஷம் சித்திரையில், சைகோனில் வேலை பார்க்கும் எங்கள் தெரு மரியசுந்தரத்தின் பெண்டாட்டி செலின் மேரி, புருஷனுக்குப் படம் அனுப்ப வேண்டும் என்று எங்கள் இருவரையும் துணைக்கு அழைத்தாள். பதினெட்டு வயசுப் பெண். அக்கா வரமாட்டாள் என்று நினைத்தேன், வந்தாள். போட்டோக்காரர் மூலையிலிருந்து குடையை எடுத்து விரித்து, "பாரீஸ் சரக்கும்மா, பத்தரமா புடி" என்று செலின் கையில் கொடுத்தார். ஒரு மாங்காயின்மேல் நூல் பிரிந்து தொங்கியது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதுவிடுவாள் என்று பயந்து அவள் கையைப் பிடித்தேன்.

அவள் என் கையை விலக்கிவிட்டு எழுந்து போனாள். நூலைப் பல்லால் கடித்து எடுத்தாள். பிறகு செலினின் தோளருகே குடையைப் பிடித்துப் பின்னால் சாய்த்தாள்.

"இப்படியே புடிச்சிக்கோ, ஆட்டாத. மூஞ்சி நல்லா தெரியணும்."

சொல்லிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார்.