ராயப்பேட்டையில் உறைந்த ஆறு

ராயப்பேட்டையில் டயாலிசிஸ் செய்யும் அறையில், என் மனைவியின் கட்டிலுக்கு எதிரே பெரிய படம் ஒன்று மாட்டியிருக்கிறது. ஹாலந்து நாட்டுப் பழைய ஓவியத்தின் பிரதி என்று கீழே போட்டிருக்கிறது. முக்கால்வாசியும் வானம், அதுவும் அழுக்குத் துணி நிறத்தில். அதற்குக் கீழே உறைந்து கிடக்கும் ஆறு, மொட்டை மரங்கள், பனிக்கட்டி மேல் சறுக்கி விளையாடும் குட்டிக் குட்டி மனிதர்கள். சிறுநீரகம் வேலை செய்யாமல், தண்ணீரை மருந்து போல அளந்து குடிக்கிறவர்களுக்கு முன்னால் ஆற்றைக் கொண்டுவந்து மாட்டிய புண்ணியவான் யாரோ. கையில் கிடைத்தால் நறுக்கென்று நாலு கேட்டிருப்பேன்.

அவளுக்கு என்னவோ அது பிடித்துப்போனது. தி. நகரிலிருந்து ஆட்டோவில் வருவதற்குள் மே மாத வெயிலில் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். உள்ளே ஏசி குளிரில் போர்வையை இழுத்துக்கொண்டு படத்தையே பார்ப்பாள்.

"அவ்வளவும் கட்டியாக் கிடக்கு பாருங்க. அங்கயும் யாரும் குடிக்க முடியாது," என்பாள்.

அதில் அவளுக்கு ஒரு ஆறுதல். வழுக்கி விழுந்து கிடக்கும் ஒருவனைக் காட்டி, "இவன் இன்னும் எழுந்திருக்கலை," என்று ஒவ்வொரு முறையும் சிரிப்பாள். மாற்றுச் சிறுநீரகத்துக்கு வழியில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். முடிகிறவரை இப்படியே வந்து போக வேண்டியதுதான். அந்தச் சிரிப்பு ஒன்றுதான் மிச்சம் என்பதால் நானும் படத்தைத் திட்டுவதை விட்டேன்.

பக்கத்துக் கட்டிலில் நொச்சிக்குப்பத்து அம்மா ஒருவர், மீன் விற்றவர். "இம்மாம் ஐஸு கீதே, என் கூடைக்கு வருசம் பூரா வரும்," என்று முதல் நாளே படத்தைப் பார்த்து அங்கலாய்த்தார். ஒருநாள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "யக்கா, அந்த ஓரத்துல பாரு. ஐஸை ஒடச்சி ஓட்டை போட்டுகீறாங்க. ஒருத்தி தண்ணி மொண்டுக்கினு கீறா," என்றார்.

எழுந்து போய்ப் பார்த்தேன். கறுப்பாக, கட்டைவிரல் நகமளவு ஓட்டை. பக்கத்தில் வாளியோடு குனிந்திருந்தாள் ஒருத்தி.

அதன்பின் என் மனைவி விழுந்தவனைத் தேடவில்லை. கண் அந்த மூலையிலேயே இருந்தது. படத்தைக் கழற்றச் சொல்லி நர்ஸிடம் சண்டை போட்டேன். தன் கையில் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார். எனக்கு அழுகைதான் வந்தது.

போன வாரம் பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. விசாரித்தேன். நர்ஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வீட்ல யாரும் இல்லாதப்ப, தாகம் தாங்காம, இஷ்டத்துக்குத் தண்ணி குடிச்சிருக்காங்க சார். நுரையீரல்ல நீர் கோத்து மூச்சுத் திணறிடுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள போயிட்டாங்க."

இவள் பயந்துவிடப் போகிறாளே என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் பயப்படவில்லை. தலையைத் தூக்கி நர்ஸைப் பார்த்தாள். அந்த முகத்தில் இருந்தது பொறாமை.

"ஜில்லுனு இருந்துச்சாமா?" என்று கேட்டாள்.