நாலு கால் ஸ்டார்

மைதாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சும்போது எழும் பச்சை வாசம்தான் எனக்கு டிசம்பர். இன்றைக்கும் அடுப்படியில் நின்று பசை கிண்டிக்கொண்டிருக்கிறேன்.

தொண்ணூறுகளில், திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு வாசலுக்குக் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டுவது அப்பாவின் வேலை. மூங்கில் சிம்பு, நூல், கலர் தாள், மைதா பசை, அவ்வளவுதான் சாமான். எனக்குப் பதினொரு வயதில், ஒரு ஜூலையில், வடமதுரை ரோட்டில் பஸ் மோதி அப்பா இறந்துபோனார். சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் ஸ்டார் கட்டக் கூடாது என்பது எங்கள் தெரு வழக்கம்.

டிசம்பர் பிறந்ததும் அம்மா பசை காய்ச்சினாள். அப்பாவின் அக்கா பார்த்துவிட்டு நிலைப்படியிலேயே நின்றார்.

"என்னத்தா, துக்க வீட்டுல ஸ்டாரா?"

"துக்கம் நமக்குத்தான மதினி? தொழுவத்துல பொறக்கப்போற பிள்ளைக்கு என்ன துக்கம்?" என்றாள் அம்மா, கிண்டுவதை நிறுத்தாமல்.

கட்டியது நானும் தம்பியும். அப்பா போடும் முடிச்சு எங்களுக்குப் பிடிபடவில்லை. இழுத்துக் கட்டியதில் ஒரு கால் ஒடிந்து, நாலு காலோடுதான் அது வாசலில் தொங்கியது. சாயங்காலம் பல்பு போட்டதும் அத்தை அண்ணாந்து பார்த்தார்.

"ஒரு காலு கொறையுதே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனவர், மறுநாள் காலையில் மூங்கில் சிம்போடு வந்து நின்றார்.

அம்மா இறந்து நாலு மாதம் ஆகிறது. சற்று முன் தம்பி போனில் கேட்டான்: "இந்த வருஷம் ஸ்டார் கெடையாதுல்லக்கா?"

"பசை அடுப்புல இருக்கு. சிம்பு சீவி எடுத்துட்டு வா" என்றேன். "ஒண்ணு கூடவே கொண்டா. ஒடிஞ்சாலும் ஒடியும்."